பின்பக்கம் திறந்த சட்டை

பிளேடைக் காலருக்கு அடியில் நுழைத்து, சட்டையின் முதுகை மேலிருந்து கீழாகக் கிழித்துக்கொண்டு வந்தாள் பெரியவள். நல்ல துணி. இழை பிடித்துச் சொன்னபடி வந்தது. பாதி முதுகு தாண்டியபோது பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"என்னடி பண்றே?"

"முதுகைப் பிரிக்கறேன்மா."

"புதுச் சட்டைடி அது."

"தெரியும். நான்தானே தைச்சேன்."

"தைச்சவளே கிழிக்கணுமா?"

பெரியவள் பிளேடைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். "இனிமே அவன் கை மடங்காதும்மா. முன்பக்கமாப் போட்டுட்டு, ரெண்டு பக்கத்தையும் முதுகுக்கு அடியில சொருகணும். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அம்மா சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பொத்தானை எல்லாம் போட்டுடு. மேல் பொத்தானை மட்டும் விட்டுடு. அவன் அதைப் போட மாட்டான்."

"போட முடியாதும்மா. கழுத்து பத்தாது."

"நீ கொஞ்சம் லூசா வெச்சிருக்கலாம்."

"ஒவ்வொரு தடவையும் லூசாத்தான் வெச்சேன்."

அது உண்மைதான். கடைச் சட்டை எதுவும் தம்பிக்குச் சேராது. தோளுக்குச் சரியாக இருந்தால் இடுப்பில் கூடாரம் மாதிரி தொங்கும். இடுப்புக்குச் சரியாக இருந்தால் கையே நுழையாது. அதனால் அவன் உடுப்பெல்லாம் அக்கா தையல்தான். ஜிம்மில் அவனுக்குத் 'தூண்' என்று பெயர். அளவெடுக்க வந்து நின்றால் அக்கா ஸ்டூல் போட்டு ஏறித்தான் தோளை அளப்பாள். "வளர்ந்துக்கிட்டே போறியேடா, துணி விலை தெரியுமா உனக்கு?" என்பாள். "தூணுக்குப் போர்வை போத்தறோம்னு நினைச்சுக்கோக்கா," என்பான். மனிதன் சாப்பிட்டு வளர்கிற வேகம் என்று ஒன்று உண்டு. இது அந்த வேகம் இல்லை என்பது அவள் கையிலிருந்த இஞ்சு டேப்புக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுக்கு அதற்குக் கொஞ்சம் பிறகு தெரிந்தது.

"வெந்நீர் வெச்சிருக்கேன்," என்றாள் அம்மா. "நான் அவனைத் துடைச்சு விடறேன்."

"ஆஸ்பத்திரியிலயே துடைச்சுட்டாங்க."

"அவங்க துடைச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? காதுக்குப் பின்னாடி துடைப்பாங்களா?"

"முகமும் கையும் மட்டும் துடைம்மா. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

"ஏன், பெத்தவ பாத்தா வெக்கப்படுவானா?"

"அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்க முடியாதும்மா உன்னால."

"பொறந்தப்போ தூக்கினதும் நான்தான்," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

நடு அறையில் கட்டில்மேல் கிடந்தான் தம்பி. போன வருஷம்தான் முப்பத்திரண்டு முடிந்திருந்தது. முந்தின நாள் காலையில் ஜிம்மில் யாருக்கோ எடை தூக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவன், பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, குடிக்காமலே சாய்ந்துவிட்டான். சாயங்காலம்வரை ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தான். அங்கே ஒரு டாக்டர் திரையில் அவன் இதயத்தைக் காட்டி, "இது ஒரே நாள்ல இப்படி ஆன இதயம் இல்லம்மா," என்றார். பெரியவள் திரையைப் பார்க்காமல் அவருடைய சட்டைக் காஜாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

சமையலறை அடுப்பில் பெரிய பாத்திரம் மூடியபடி இருந்தது. விடிந்ததும் அம்மா வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல அட்டையிலிருந்து முட்டைகளை எடுத்துக் கழுவி வேக வைத்திருந்தாள். வெந்த பிறகுதான் நினைவு வந்ததோ, வெந்த பிறகும் வரவில்லையோ. அடுப்பை அணைத்து மூடி போட்டுவிட்டு வந்துவிட்டாள். சமையலறைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை.

அந்த உடம்பு முட்டையில் வந்தது என்பதுதான் அம்மாவின் கட்சி. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டாள். சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தானாம். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அவள்தான் விடாமல் ஊட்டி ஊட்டி இப்படி ஆக்கினாளாம். "என் கையால வந்த உடம்பு," என்பாள். அவன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவான்.

கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள், தம்பி மாடிப்படியில் பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்திருந்ததைப் பெரியவள் பார்த்தாள். காலில் செருப்பு இல்லை. மறுநாளே அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். "நானும் வரேன்," என்று அம்மா முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

காத்திருக்கிற அறையில் சுவரெல்லாம் அறிவிப்புகள். அவற்றில் ஒன்று, தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து வைத்திருப்பதும் விற்பதும் செலுத்துவதும் குற்றம், தகவல் தெரிந்தவர்கள் இந்த எண்ணுக்குச் சொல்லவும் என்றது. தம்பி அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான். தலை அந்த எண்ணை மறைத்தது.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

"லேசா, டாக்டர்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"ஜிம்ல ட்ரெயினர்."

டாக்டர் அவன் கையைப் பிரஷர் பட்டைக்குள் நுழைக்கப் பார்த்தார். பட்டை போதவில்லை. வேறு பெரிய பட்டை கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள், "உடம்புக்குன்னு ஏதாவது எடுத்துக்கறீங்களா? ஊசி, மாத்திரை?" என்றார்.

தம்பி வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "முட்டை, டாக்டர். தினமும் நான்தான் அவிச்சுத் தர்றேன். அப்புறம் பால். எங்க வீட்டுக்காகவே கோழிப்பண்ணைக்காரன் தனியா வண்டி அனுப்பறான்னா பாத்துக்கங்களேன்."

"முட்டையைக் கேக்கலைம்மா," என்று சிரித்தார் டாக்டர். பிறகு பெரியவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அக்காதானே?"

தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா பெரியவளைப் பார்த்தாள். முட்டைக் கதை சொன்ன சிரிப்பு அந்த முகத்தில் இன்னும் முழுசாக இருந்தது.

"இல்லைங்க டாக்டர்," என்றாள் பெரியவள். "ஒண்ணும் இல்ல."

டாக்டர் மூச்சுக்கு ஏதோ மாத்திரை கொடுத்து, இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடச் சொன்னார். அவன் எடுக்கவில்லை. "ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சுடும்க்கா," என்றான். அன்றைக்கு வெளியே வந்து ஆட்டோவில் அம்மாவை ஏற்றிவிட்டு, அக்காவின் காதருகே குனிந்து, "தேங்க்ஸ்க்கா," என்றான். தங்களுக்குள் அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்வதே கிடையாது.

அந்தத் தடையைத் தளர்த்தலாமா வேண்டாமா என்ற பேச்சு அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. ஸ்டீராய்டு ஊசிகளைப் பெரியவர்களுக்கு மட்டும், டாக்டர் கண்காணிப்பில், பரிசோதனையோடு அனுமதிக்கலாம் என்று ஒரு மசோதா. தொலைக்காட்சியில் தினமும் இரண்டு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்பான்.

"என்னடா சண்டை?" என்பாள் அம்மா.

"உடம்பு ஏத்தற ஊசியைக் குடுக்கலாமா கூடாதான்னு பேசறாங்கம்மா."

"அதை எவன் போட்டுக்குவான்? வீட்டுல சோறு போட ஆளில்லாதவன் போட்டுக்குவான்."

"ஆமாம்மா," என்று சிரித்துவிட்டு, அம்மா அந்தப் பக்கம் போனதும் பெரியவளிடம் சொல்வான், "அந்தச் சட்டம் மட்டும் வரட்டும்க்கா. மொத ஆளாப் போய் டாக்டர் முன்னாடி நிக்கறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"இப்பவே நிறுத்தேன்டா."

"என் உடம்புதான்க்கா என் கடை போர்டு. போர்டு சின்னதாச்சுன்னா எவன் உள்ள வருவான்?"

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் படியை மெதுவா ஏறிக்கறேன்."

வாசலில் ஜிம்முக்காரப் பையன்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். எல்லோரும் இறுக்கமான பனியன் போடுகிறவர்கள். இன்று எங்கிருந்தோ தொளதொளப்பான சட்டைகளைத் தேடி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஜிம்மின் முதலாளி உள்ளே வந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஐம்பதைத் தொடுகிற வயதிலும் வாசற்கதவை அடைத்துக்கொண்டுதான் நுழைவார். தையல் அறையில் அளவு கொடுக்க வருகிறவர்களுக்கான ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்."

"கேக்க வேணாம்னா கேக்காதீங்க மாஸ்டர்."

"நாளைக்கு விட்டா வேற நாள் இல்ல. சட்டத்தைப் பத்தி ஜனங்ககிட்ட கருத்துக் கேக்கற கூட்டம் நாளைக்கோட முடியுது. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும். நாங்க சொன்னா, இவனுங்க மருந்துக்காகப் பேசறானுங்கம்பாங்க. குடும்பத்துலேருந்து ஒருத்தர் சொன்னாத்தான் காதுல ஏறும்."

"என்னன்னு சொல்லணும்?"

"சட்டம் இருந்ததாலதான் மறைச்சோம். மறைச்சதாலதான் போனான்னு."

"மருந்துக்காகத்தானே பேசறீங்க, அதுல என்ன?" என்றது இன்னொரு குரல். தம்பி மனைவி அறை வாசலில் நின்றாள். கண் வீங்கிச் சிவந்திருந்தது. குரலில் ஈரமே இல்லை. மருந்துக்கடை கவுண்டரில் நின்று நின்று வந்த குரல் அது. கதவைச் சாத்திவிட்டு மெஷின்மேல் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க போகக் கூடாது அண்ணி. போனா என் பக்கம் பேசணும். இன்னும் இறுக்கிப் பிடிக்கணும்னு பேசணும்."

"கொஞ்சம் கேளும்மா," என்றார் மாஸ்டர்.

"நீங்க கேளுங்க. சட்டம் தளர்ந்தா எங்க வரும்? என் கவுண்டருக்கு வரும். மீசை முளைக்காததுங்க யார் பேர்லயோ டாக்டர் சீட்டு வாங்கிக்கிட்டு வந்து நிக்கும். இப்போ வந்தா, 'சட்டம் விடாது, போ'ன்னு சொல்றேன். என்கிட்ட இருக்கறது அந்த ஒரு பேச்சுதான். அதையும் பிடுங்கிக்கறீங்களா?"

"நீ போன்னு சொன்னா அவன் வீட்டுக்கா போறான்? என்கிட்ட வர்றான். என்கிட்ட இருக்கறது எவன் எந்தக் கொட்டகையில அடைச்சதுன்னு எனக்கே தெரியாது. மேல ஒட்டியிருக்கற பேரைப் பாத்துப் போட்டுக்கறோம். உள்ள என்ன இருக்குன்னு எவன் பாத்தான்?"

"தெரியாமத்தான் அவருக்குக் குடுத்தீங்களா?"

"ஆமா," என்றார் மாஸ்டர்.

"சட்டம் வந்தா உங்க வியாபாரம் படுத்துடுமே."

"படுக்கட்டும்."

"பெரிய தர்மவான்."

"தர்மம் இல்லம்மா," என்றார் மாஸ்டர். "பயம். எனக்கும் இப்போ படி ஏற முடியல. டாக்டர்கிட்ட போனா என்னன்னு சொல்லுவேன்? வாங்கினேன்னு சொன்னா ஜிம்மை மூடுவாங்க. வித்தேன்னு சொன்னா உள்ள போடுவாங்க. தினமும் காலைல கண்ணு முழிச்சதும் நெஞ்சுல கையை வெச்சுப் பாக்கறேன், ஓடுதான்னு." அவர் தன் பெரிய கைகளை மடியில் வைத்திருந்தார். "ஆனா ஒண்ணு. குடுத்தது நான். போட்டுவிட்டது யாருன்னு நான் கேக்கல."

"கேளுங்களேன்."

"வேணாம்மா."

"நான்தான் போட்டேன்," என்றாள் தம்பி மனைவி. "பின்னாடி அவருக்குக் கை எட்டாது. உங்க ஜிம்ல ஒருத்தனுக்குப் போட்ட ஊசியிலயே இன்னொருத்தனுக்குப் போடுவீங்க. அதுக்கு நானே புது ஊசியில போடறேன்னு போட்டேன். இதுதான் கடைசின்னு சொல்லிச் சொல்லிப் போட்டேன். அதனாலதான் சொல்றேன் அண்ணி, அது கிடைக்கவே கூடாது. கிடைச்சா, நம்மள மாதிரி ஆளுங்க பாசத்துல போட்டு விட்டுடுவோம்."

வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும்," என்றாள் பெரியவள். அந்த அறைக்கும் நடு அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர். "எந்தப் பக்கம் பேசினாலும், நான் எழுந்து சொல்ல வேண்டிய மொத வார்த்தை ஒண்ணுதான். என் தம்பி ஊசி போட்டுக்கிட்டான். அங்க கேமரா எல்லாம் இருக்கும். அம்மா பாத்துடுவா."

"ஒரு நாள் தெரிஞ்சுதானே ஆகணும்?" என்றார் மாஸ்டர்.

"அவளுக்குன்னு மிச்சம் இருக்கறது, அந்த உடம்பை நான் ஆக்கினேங்கற பெருமைதான். அதையும் எடுத்துட்டு எதைக் குடுப்பீங்க?"

பெரியவள் முதுகு பிரிந்த சட்டையை எடுத்து உதறினாள். இரண்டு பாதியும் தனித்தனியாகத் தொங்கின. காலர்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. காலரையும் வெட்டினாள்.

நடு அறைக்குப் போனபோது அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்தாள். முகத்தைத் துடைத்து முடித்திருந்தாள். காதுக்குப் பின்னாலும் துடைத்திருந்தாள். துணியைப் பிழிந்துகொண்டே, "மார்பு முடிஞ்சுது. முதுகைத் துடைக்கணும். திருப்புங்க," என்றாள்.

"வேணாம்மா. சட்டையைப் போட்டுடலாம்," என்றாள் பெரியவள்.

"வேர்வையோட அனுப்பச் சொல்றியா? எந்நேரமும் வேர்த்துக்கிட்டே இருப்பான். திருப்புங்கன்னா திருப்புங்க."

மாஸ்டர் தோளைப் பிடித்தார். தம்பி மனைவி காலைப் பிடித்தாள். பெரியவள் இடுப்புப் பக்கம் வேண்டுமென்றே நின்று, வேட்டியை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சேர்ந்து அவனைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். எவ்வளவு கனம். மாஸ்டருக்கு மூச்சு இரைத்தது. அந்த இரைப்பு அறை முழுக்கக் கேட்டது.

அம்மா கழுத்திலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். தோள்பட்டை, முதுகின் பள்ளம், விலா. இடுப்புக்கு வந்ததும் பெரியவளின் கையை நகர்த்தினாள். நகர்த்தியது மெதுவாகத்தான். பெரியவளால் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

இடுப்புக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும், தோலுக்கடியில் கட்டி கட்டியாக இருந்தது. சில இடங்கள் கறுத்துத் தழும்பாகியிருந்தன. ஓர் இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. அம்மா துணியை விட்டுவிட்டு, கட்டை விரலால் ஒரு கட்டியை அழுத்திப் பார்த்தாள். பிறகு அடுத்ததை. குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக விரலை வைத்து எடுத்தாள்.

தம்பி மனைவி காலைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா துணியைத் திரும்பவும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அந்த இடங்களை ஒற்றி ஒற்றி எடுத்தாள். வேட்டியைச் சரியாக இழுத்துவிட்டாள். "சட்டையைக் குடு," என்றாள்.

முன்பக்கமாகக் கைகளை நுழைத்து, பிரிந்த இரண்டு பாதிகளையும் முதுகுக்கு அடியில் மடித்துச் சொருகினாள் பெரியவள். மல்லாத்திப் படுக்க வைத்தபோது சட்டை கச்சிதமாக இருந்தது. அவன் போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அம்மா பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தாள். மேல் பொத்தான் திறந்திருந்தது.

மாஸ்டர் வெளியே போகத் திரும்பினார். அம்மா அவர் பின்னால் போய், அவர் இடுப்புக்குக் கீழே அதே இடத்தில் சட்டைக்கு மேலேயே கையை வைத்தாள். அவ்வளவு பெரிய ஆள் அசையாமல் நின்றார். அவள் விரல்கள் அழுத்தித் தேடின. நின்றன.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்லம்மா."

"ம்," என்றாள் அம்மா. கையை எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்ததும் கூட்டம் உள்ளே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி கட்டிலருகே நின்று, "எப்பேர்ப்பட்ட உடம்பு. முட்டையும் பாலுமா ஊட்டி வளத்தீங்களே," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எத்தனையோ முறை அம்மாவே எடுத்துக் கொடுத்த வரி அது. பெரியவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு, கையை விட்டாள்.

வண்டி வந்தது. தூக்குவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தூக்குவதையே தொழிலாக வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு அவன்தான் கற்றுக்கொடுத்திருந்தான், முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு, மூச்சை விட்டுக்கொண்டே எழு என்று. அவன் சொன்னபடியே முழங்காலை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தார்கள். ஒருவன் மட்டும் பாதியில் விம்மிவிட்டான்.

அம்மா வாசலோடு நின்றுகொண்டாள்.

எல்லாம் முடிந்து மற்றவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசல் நாற்காலிகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் படிக்குக் கீழேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கிளம்பப்போனவரைத் தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"மாஸ்டர்."

"சொல்லும்மா."

"நாளன்னைக்குக் கடைக்கு வாங்க. பிரஷர் பாக்கறேன். உங்க கைக்குப் பத்தற பட்டை இருக்கு."

அவர் தலையாட்டினார். "நாளைக்குக் கூட்டத்துல நான் உனக்கு எதிராத்தான்மா பேசுவேன்."

"பேசுங்க. நானும் பேசுவேன். அது வேற, இது வேற."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். மேலே அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வேறு எந்தச் சத்தமும் இல்லை.

சமையலறையில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பின்மேல் இருந்த பாத்திரம் இப்போது அவள் முன்னால் இருந்தது. மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு முட்டையை எடுத்துத் தரையில் தட்டினாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"எதும்மா?"

"அந்தக் கூட்டம்."

பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "உனக்குக் கேட்டுச்சா?"

"பலகைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு பெரிய ரகசியம் பேசினீங்க."

அப்படியானால் முதுகைத் திருப்பச் சொன்னபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் திருப்பச் சொல்லியிருக்கிறாள். பெரியவள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"காலைலம்மா. ஆனா போறதான்னு தெரியல. ரெண்டு பேர் பேசறதும் சரின்னு படுது. நான் எந்தப் பக்கம்னு போய் நிக்க?"

அம்மா முட்டை ஓட்டை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு டாக்டர் உன்னைக் கேட்டாரே."

"ம்."

"பதில் சொல்றதுக்கு முன்னாடி நீ என் மூஞ்சியைப் பாத்தே."

"இல்லம்மா."

"நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"போலீசுக்குப் பயந்துதான்மா சொன்னேன். சுவத்துல எழுதி ஒட்டியிருந்தாங்கல்ல. அவன் வேலை போயிடும்னு. வேற ஒண்ணும் இல்ல."

டாக்டரிடம் சொன்ன அதே குரலில் வந்தது அது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். டாக்டரைப்போலவே, மேலே எதுவும் கேட்கவில்லை.

"நானும் வரேன் நாளைக்கு," என்றாள் அம்மா.

"வாம்மா."

"உள்ள வரல. நீ பேசறப்போ வெளியில உக்காந்துக்கறேன்."

"எதுக்கும்மா வெளியில?"

அம்மா முட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். "அப்பத்தான் உனக்குப் பேச வரும்."



காலையிலிருந்து வெந்த தண்ணீரிலேயே கிடந்ததால் ஓடு விட்டு வர மறுத்தது. கிள்ளி எடுக்கிற இடமெல்லாம் வெள்ளையும் பெயர்ந்து ஓட்டோடு வந்தது. அம்மா பொறுமையாகக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். உரித்து முடித்ததைத் தட்டில் வைத்தாள். பாதிதான் மிஞ்சியிருந்தது, மேடும் பள்ளமுமாக. அடுத்ததை எடுத்துத் தரையில் தட்டினாள்.

பெரியவள் நகர்ந்து பக்கத்தில் வந்து, ஆறிப்போன தண்ணீருக்குள் கையை விட்டாள்.